பிரியாணி அண்டா சொல்லிக் கொடுத்த வியாபாரம்

இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் வடகம் போடுவதில் இருந்து வீட்டுக் கடன் அடைத்தது வரை எழுதுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு, 'நாமும் எழுதணும்' என்று நினைப்பதோடு சரி. பத்தாவது வரைக்கும் படித்தவள் என்ன எழுதிவிடப் போகிறோம் என்ற கூச்சம். இந்த முறை எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். காரணம், என் வீட்டு டிரங்குப் பெட்டி காலியாகிவிட்டது!

அந்தப் பெட்டிக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். முன்பெல்லாம் எல்லாம் வேலூர் மாவட்டம்தான். 2019 நவம்பரில் மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. விடிந்தால் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். ஷூ கம்பெனிக்குள் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே வேலை உண்டு. ஷூவின் மேல் பாகத்தை 'அப்பர்' என்பார்கள். அதை ஏஜெண்டு மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஊசியால் கையில் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் ஓட்டை. பூண்டு உரித்தால் எரியும்.

2020ல் கொரோனா வந்து வெளிநாட்டு ஆர்டர் நின்றபோது மூட்டை வருவதும் நின்றது. அப்புறம் வந்தது, ஆனால் பழையபடி வரவில்லை. இருந்திருந்து நானும் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேரும் ஒரு முடிவு செய்தோம். தோல் துண்டு கிலோ கணக்கில் கிடைக்கிற ஊர். தைக்கத் தெரிந்த கை. நாமே பர்ஸ் தைத்து விற்றால் என்ன? குழுவில் என் பங்குக்கு 30,000 ரூபாய் கடன் எடுத்தேன். மாதம் 1,500 கட்ட வேண்டும். பழைய மெஷின் ஒன்று, தோல் துண்டு, ஜிப், சொல்யூஷன், பிரஸ் பட்டன் எல்லாம் வாங்கினோம். இரண்டே மாதத்தில் 140 பர்ஸ் தைத்தோம். அச்சு அசல் கம்பெனி சரக்கு மாதிரியே இருக்கும், பொய் சொல்லவில்லை.

நாலு மாதத்தில் விற்றது 23.

ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆம்பூரில் போய்த் தோல் பர்ஸ் விற்பது, சிவகாசியில் போய்த் தீப்பெட்டி விற்பது மாதிரி. பைபாஸ் ரோட்டில் எங்கே திரும்பினாலும் ஷூ கடை, பெல்ட் கடை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அந்தக் கடைக்காரர்கள் செய்வதை அப்படியே செய்தோம். அவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்தால் நாங்களும் கண்ணாடிப் பெட்டி. அவர்கள் 200 ரூபாய் சொன்னால் நாங்கள் 180. அவர்கள் கடையே காற்று வாங்கும்போது எங்களிடம் யார் வருவார்கள்? மீதி 117 பர்ஸும் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் போய்ப் படுத்துக்கொண்டன.

நாலாவது தவணைக்குப் பணம் இல்லை. குழுக் கூட்டம் என்றால் வயிற்றைக் கலக்கும். ஒருத்தி கட்டாவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் பேங்கில் பேர் கெட்டுவிடுமே. என் தாலிச் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனேன். மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்ததைப் பார்த்து என் மாமியார் ஒன்றுமே பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த மாதத்தில்தான் குழுப் பெண்களுக்கு வேலூரில் ஒரு நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். சாப்பாடு போடுவார்கள், பஸ் காசு கொடுப்பார்கள் என்றுதான் போனேன், ஒளிப்பானேன்? அங்கே பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ஷாம்பு பாக்கெட்டைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா?" நாங்கள் எல்லாரும் ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனி என்று நினைத்தோம். இல்லையாம். நம் கடலூர்க்காரராம்!

அவர் பெயர் சின்னி கிருஷ்ணன். அந்தக் காலத்தில் பவுடர் என்றால் டின்னில்தான் வரும். அவர் அதைச் சின்னப் பொட்டலங்களில் போட்டு விற்றார். பேதிக்குச் சாப்பிடும் எப்சம் உப்பையும் 5 கிராம், 10 கிராம் என்று பொட்டலம் கட்டினார். பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மருந்துக்கும் பவுடருக்கும் செய்த அதே வித்தையைத்தான் 1970களின் கடைசியில் ஷாம்புவுக்குச் செய்தார்கள். வெல்வெட் ஷாம்பு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. பாட்டில் வாங்க முடியாதவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு பாக்கெட் வாங்கி இரண்டு பிள்ளைகளுக்குத் தேய்த்துவிடுவார்களாம்.

அவருடைய பையன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 1983ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். அப்பாவின் பெயரில் இருந்துதான் 'சிக்' என்று வைத்தார். அந்தக் கம்பெனிதான் பிற்பாடு 1998ல் கவின்கேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் சும்மா! ஜனங்கள் குப்பையெல்லாம் கிளறிக் காலி பாக்கெட் தேடினார்கள். கொஞ்ச நாள் போனதும், 'இனிமேல் சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான்' என்று மாற்றிவிட்டார். அதற்குள் ஜனங்களுக்கு சிக் பழகிவிட்டது. கிராமத்தில் கூட்டம் கூட்டிப் பள்ளிக்கூடப் பையன்கள் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டுவார்களாம், தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தெருவுக்கு வருகிற பாத்திரக்காரர்தான் ஞாபகம் வந்தார். பழைய புடவை, பேண்ட் போட்டால் பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார் இல்லையா? ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு என்பதும் ஏறக்குறைய அதே கதைதானே. அவர் பாத்திரக்காரரைப் பார்த்துச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. என் புத்திக்கு அப்படித் தோன்றியது.

அந்த அம்மா கடைசியில் சொன்னதுதான் முக்கியம். "உங்க தொழில் செய்யறவங்களைப் பார்த்துக் காப்பி அடிக்காதீங்கம்மா. அவங்களும் உங்களை மாதிரியே முழிச்சிக்கிட்டு இருக்காங்க. சம்பந்தமே இல்லாத கடை வாசல்ல போய் அரைமணி நேரம் நில்லுங்க. அவங்க எப்படி விக்கிறாங்கன்னு பாருங்க."

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடை. பஸ் வர நேரம் இருந்ததால் அந்த வாசலில் நின்றேன். ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்தச் சரம் கடைக்காரரின் இடத்தில் ஓர் அங்குலம்கூட எடுத்துக்கொள்ளவில்லை! அலமாரி வேண்டாம், கண்ணாடி வேண்டாம். ஓர் ஆணி இருந்தால் போதும். கேட்பவர்களுக்கு ஒன்றைக் கிழித்துக் கொடுக்கலாம். பாக்கெட்டின் விலை குறைவு என்பது ஜனங்களுக்கு வசதி. சரமாகத் தொங்குவது கடைக்காரருக்கு வசதி. என் பர்ஸை எந்தக் கடைக்காரரும் வாங்கி வைக்காததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை, 'வைக்க இடம் ஏதும்மா?' என்பதுதான்.

வீட்டுக்கு வந்து பர்ஸ் வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கொட்டினேன். உள்ளங்கை அகலத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு சில்லறைப் பை ஆனது. பிரஸ் பட்டன் ஒன்று, ஓரத்தில் ஒரு சாவி வளையம். விலை 20 ரூபாய். கணக்குப் போட்டால் எனக்கு அடக்கம் எட்டு ரூபாய், கடைக்காரருக்கு ஐந்து ரூபாய், மீதி ஏழு எனக்கு. பன்னிரண்டு பைகளை ஒரு நாடாவில் வரிசையாக லேசாக நூல் போட்டுத் தொங்கவிட்டேன். நூலை வெட்டினால் பை கையில் வந்துவிடும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஸ்டேஷன் பக்கம் என்று ஆறு பெட்டிக்கடைகளில் மாட்டச் சொன்னேன். "வித்தா காசு குடுங்கண்ணா, இல்லைன்னா எடுத்துனு போயிடறேன்" என்றேன். முதல் வாரமே நாலு கடையில் சரம் காலி.

என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கையே இல்லை. "இன்னாமே, பர்ஸ் தைக்கறேன்னு சொல்லிட்டு ஷாம்பு கடை வெச்சிருக்கே?" என்று கிண்டல். கிண்டல் செய்தவரே அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துண்டு வெட்டிக் கொடுத்தார். அவர் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். நான் பத்து வெட்டுகிற தோலில் அவர் பதிமூன்று வெட்டுவார்.

அடுத்து பிரியாணி. ஆம்பூர் என்றாலே உங்களுக்கு ஞாபகம் வருவது தோல் இல்லை, பிரியாணிதான் என்பது எனக்குத் தெரியும். சீரகச் சம்பா அரிசி, கத்திரிக்காய் தொக்கு, எல்லாம் நீங்களே எழுதுவீர்கள். நான் பார்த்தது வேறு. எங்கள் தெரு முனையில் பாய் கடை. சமைப்பது என்னவோ கொல்லையில். ஆனால் தம் உடைப்பது மட்டும் ரோட்டைப் பார்த்த வாசலில். பதினொன்றரை மணிக்கு அண்டாவைத் தூக்கி வந்து முன்னால் வைத்து மூடியைத் திறப்பார்கள். அந்த ஆவி ரோடு முழுக்கப் பரவும். சைக்கிளில் போகிறவர்கூட ஒரு கால் ஊன்றி நிற்பார். பரோட்டா கடைக்காரர் கொத்துப் பரோட்டா போடும்போது கல்லில் டங்கு டங்கு என்று தட்டுவதும் இதே கணக்குதான். கொத்துவதற்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை!

பிரியாணி விற்பவர் சமையலைக் காட்டுகிறார். நான் என் தொழிலைக் கட்டில் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். மெஷினைப் பின் அறையில் இருந்து தூக்கித் திண்ணையில் போட்டேன்.

வந்தது பாருங்கள் சண்டை! மாமியார் நாலு மாதமாகப் பேசாததை எல்லாம் ஒரே நாளில் பேசினார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல தோலைப் பரப்பினா வூட்டுக்கு லட்சுமி எப்படிடி வருவா? போற வர்றவங்க இன்னா நினைப்பாங்க?" தோலைத் தொடுகிறவர்களை நம் ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இத்தனை வருஷமும் எங்கள் தெருவில் எல்லாரும் பின் அறையில் உட்கார்ந்து தைத்தோம். வெளிநாட்டில் அந்த ஷூவைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வெட்கம் இல்லை, தைத்த எங்களுக்கு வெட்கம்! நான் ஒன்றும் பதில் பேசவில்லை. ஒரு தோல் துண்டை எடுத்து அவர் மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். "மோந்து பாருங்க அத்தை. இது பதம் போட்டு பினிஷிங் ஆன தோலு. நாத்தமா அடிக்குது?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மட்டும் மெஷின் உள்ளே என்று ராஜி ஆனது.

திண்ணைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்றால், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளையைக் கூப்பிட வந்த அம்மாக்கள் நின்றார்கள். "இதுல என் பேரு போட முடியுமா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள். எவர்சில்வர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அது மாதிரி! எழுத்து அச்சு ஒரு செட் வாங்கிச் சுத்தியால் தட்டிப் பெயர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது சீர்வரிசைக்கும் கல்யாணத்துக்கும்தானே, அதனால் பெட்டியில் இருந்த பர்ஸையும் வெளியே எடுத்து, 'பெயருடன் பரிசு' என்று அட்டை எழுதி வைத்தேன். ஒரு கல்யாண வீட்டில் நாற்பது பர்ஸ் கேட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எல்லாம் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாய்க்கொழுப்பு என்பார்களே, அது மாதிரி எனக்கு ஐடியாக் கொழுப்பு வந்தது. ஆடி மாதம். ஜவுளிக் கடையெல்லாம் ஆடித் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நானும் எழுதி ஒட்டினேன். என்ன ஆயிற்று? வழக்கமாக வாங்குகிறவர்கள்கூட, "இன்னாக்கா, சரக்குல எதனா டேமேஜா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாங்கினவர்களும் இலவசத்தோடு போய்விட்டார்கள். பதினெட்டு பர்ஸ் போனது, ஆயிரத்துச் சொச்சம் நஷ்டம்.

ஏன் என்று கேட்டு என் வீட்டுக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். "ஜவுளிக்காரருக்கு ஆடியில முகூர்த்தம் இல்ல, யாவாரம் படுத்துக்கும். தீபாவளிக்குப் புது டிசைன் வரும், பழசைத் தள்ளணும். உனுக்கு இன்னா அவசரம்? உன் பர்ஸ் தீபாவளிக்குப் பழசாயிடுமா?" கட்டிங் செக்‌ஷன் ஆளுக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது! கடைக்காரரின் போர்டை மட்டும் நான் கடன் வாங்கியிருக்கிறேன். அந்த போர்டு எதற்காக மாட்டப்பட்டது என்று பார்க்கவே இல்லை.

அன்று அவர் பேசியது என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. என் பெரியம்மாவுக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி, 1976ல் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற பிறகு பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தார். அவருக்கு ஐடியா கொடுத்தது எது தெரியுமா? அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் ஓட்டல்! எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே ருசி, மளமளவென்று ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கிறார்களே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று நினைத்தாராம். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் மேஜை போட்டு, ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரைத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் அங்கே முடித்து இங்கே திரும்புவார். காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கிக்கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் கிராமத்துக்கே போய் முகாம் போடுகிறார்கள். பாருங்கள், அவர் அந்த ஓட்டலில் இருந்து பன்னையும் எடுத்துக்கொள்ளவில்லை, போர்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையைப் பிரித்து அடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் படித்தேன். 1913ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கார் கம்பெனியில், ஆள் நின்ற இடத்தில் நிற்க, கார் நகர்ந்து வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். அந்த யோசனை சிகாகோ இறைச்சிக் கூடத்தில் இருந்து வந்ததாம். அங்கே மாட்டை மேலே ஓடும் கம்பியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஆளும் தன் பங்கு வெட்டை வெட்ட, அது நகர்ந்துகொண்டே போகும். அங்கே பிரித்தார்கள், இவர் அதையே திருப்பிப் போட்டுச் சேர்த்தார். இதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கம்பெனியிலும் ஷூ அப்படித்தான் லைனில் ஆள் மாற்றி ஆள் போகும். "அடங்கொப்பா! தோலும் மாட்டுத் தொட்டியில இருந்துதான் வருது, லைனும் அங்கருந்துதான் வந்துச்சா!" என்று சிரித்தார். நாங்களும் அப்புறம் ஆளுக்கு ஒரு முழு பர்ஸ் என்பதை விட்டுவிட்டோம். ஓர் அக்கா வெட்டுவது, ஒருவர் ஒட்டுவது, நான் மெஷின். சண்டை குறைந்தது, சரக்கு கூடியது.

பெரிய கைப்பை விற்றது சீட்டில். நகைக் கடையில் மாதா மாதம் கட்டுகிறோம், பட்டாசுச் சீட்டு, பலகாரச் சீட்டு கட்டுகிறோம். கைப்பை 400 ரூபாய் என்றால் 'அம்மாடியோவ்' என்கிறவர்கள், மாதம் 40 ரூபாய் என்றால் சரி என்கிறார்கள். தெருவில் பத்துப் பேர். மாதம் ஒரு குலுக்கல், ஒருவருக்கு ஒரு பை. பத்து மாதத்தில் பத்துப் பேருக்கும் பை வந்துவிடும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2022ல் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அதிக வட்டி என்று சொன்னதை நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டு அழுதவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் சீட்டு என்றாலே பயப்படுகிறார்கள், பயப்படுவதும் நியாயம். நான் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எல்லாரும் என் வீட்டுத் திண்ணை தெரிந்தவர்கள். முதல் நாளே பத்துப் பைகளையும் தைத்து ஆணியில் மாட்டிவிடுவேன். யார் வேண்டுமானாலும் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக வேலூர். அதைச் சொல்லாமல் முடிக்க மனசு இல்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்டு என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதாம் அது. காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகளையும் ஓட்டல்களையும் பார்த்தால் நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே சந்தேகம் வரும். போர்டு எல்லாம் பெங்காலி எழுத்து, உள்ளே மீன் குழம்பு சோறு. நம் ஆட்கள்தான் நடத்துகிறார்கள். வருகிறவர்களின் பாஷையில் எழுதி, அவர்கள் வாய்க்குப் பிடித்ததைச் சமைக்கிறார்கள்.

ஓர் உறவுக்காரரைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் ஓர் அம்மா, என் அம்மா வயசு இருக்கும். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரி அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முந்தானை முடிச்சில் இருந்து பணத்தை அவிழ்க்கிறார். ரூபாய் கீழே சிதறியது. பொறுக்கிக் கொடுத்தேன். பாஷை தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், கண்ணில் தண்ணீர். அந்த முகம் வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். தோளில் குறுக்காக ஒரு தோல் பை. சில்லறைக்கு ஒரு அறை, நோட்டுக்கு ஒரு அறை. கையில்லாமலேயே எல்லாம் கையில்! ஆம்பூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கண்டக்டர் பையையே சின்னதாக்கி, கழுத்தில் குறுக்கே மாட்டிக்கொள்கிற மாதிரி. முன்னால் அட்டைக்கு ஓர் அறை, உள்ளே பணத்துக்கு ஜிப் வைத்த அறை, பின்னால் மடித்த சீட்டுக்கு ஓர் அறை. விலை 150. அதற்கு மேல் வைக்க மனசு வரவில்லை. வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் எவ்வளவுதான் வாங்குவது?

காந்தி ரோட்டில் ஒரு பேன்சி கடையில் பேசிச் சரமாகத்தான் மாட்டினேன், பழைய ஷாம்பு வித்தை. லாட்ஜில் தங்கியிருந்த ஒரு கல்லூரிப் பையனிடம், 'அட்டை, பணம், சீட்டு மூன்றும் ஒரே பையில்' என்று பெங்காலியில் எழுதி வாங்கி மேலே மாட்டினோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு சரம் போகிறது.

பதிமூன்று தவணை கட்டியாகிவிட்டது. சங்கிலியைச் சித்திரையில் மீட்டேன். டிரங்குப் பெட்டியில் இப்போது குளிர்காலப் போர்வை இருக்கிறது.

போன வாரம் மாமியார் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த வேலூரு பை மாதிரி எனுக்கு ஒண்ணு தெச்சுக் குடுடி. வெத்தலைக்கு ஒரு அறை, பாக்குக்கு ஒரு அறை, சுண்ணாம்பு டப்பிக்கு ஒண்ணு" என்றார். தைத்துக் கொடுத்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவருடைய ரேஷன் கடை சிநேகிதிகள் நாலு பேர் கேட்டிருக்கிறார்களாம். விலை என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

— ஒரு வாசகி, ஆம்பூர்